பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

காலை ஐந்து மணிக்கு எங்கள் முதல் வேலை அறுப்பது. பிளேடை நடுவில் ஒடித்து, ஒரு பக்கம் துணி சுற்றி வைத்திருப்போம். சூப்பர் மார்க்கெட்டுகளிலிருந்து தேதி முடிந்து திரும்பி வந்த டப்பாக்கள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருக்கும். அட்டையைக் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளிக் கவரை அறுத்து, மாவைச் சல்லடையில் கொட்ட வேண்டும். மாவு கட்டி கட்டியாக விழும். சிலதில் நூல் கட்டியிருக்கும். சிலதில் வண்டு ஊரும். சல்லடையை ஆட்டினால் வண்டு மேலே நின்றுவிடும், மாவு கீழே போய்விடும். வண்டு போட்ட முட்டை எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் எங்கள் கம்பெனி. ‘தளிர்நடை சத்துமாவு’ தயாராவது இங்கேதான். டப்பாவில் ஒரு கொழுகொழு குழந்தை எழுந்து நடந்துகொண்டிருக்கும். இருபத்தோரு தானியம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஆறு வருஷமாக இங்கே வேலை செய்கிறேன். ஏழு தானியத்துக்கு மேல் மூட்டை வந்து இறங்கி நான் பார்த்ததில்லை. மீதி இடத்தை மைதாவும் சர்க்கரையும் பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் பவுடரும் நிரப்பும். அதற்கு மேல் ரிட்டன், அதாவது காலையில் நாங்கள் அறுத்துக் கொட்டிய பழைய மாவு. பத்து மூட்டை புது மாவுக்கு மூன்று மூட்டை ரிட்டன். மறுபடி வறுத்தால் காறல் வாடை பாதி போகும், மீதியை நெய் எசன்ஸ் மூடிவிடும். முதலாளி வீட்டுக்கு இதுவரை ஒரு டப்பாகூடப் போனதில்லை.

என் பெயர் லோகப்பிரியா. பிளஸ் டூ முடித்தவள் என்பதால் அறுப்பு முடிந்ததும் எனக்குத் தேதி மெஷின். செத்த மாவுக்குப் புதுப் பிறந்த தேதி அடிக்கிறவள் நான். முதல் மாதம் பயந்து பயந்து அடித்தேன். அப்புறம் பழகிவிட்டது. சனிக்கிழமைதோறும் நசுங்கிய டப்பாக்களை எங்களுக்கு இனாமாகத் தருவார்கள். எந்த டப்பாவில் ரிட்டன் கலந்தது, எதில் கலக்கவில்லை என்று தேதியைப் பார்த்தே எனக்குத் தெரியும். கலக்காததைப் பொறுக்கி என் மகள் ரித்திகாவுக்கு எடுத்துக்கொள்வேன். அதிலும் சத்து ஒன்றும் கிடையாது, சர்க்கரைதான்; மூன்றரை வயசில் பல்லெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது அவளுக்கு. கலந்த டப்பாக்கள் ஊரான் பிள்ளைக்குப் போகட்டும் என்று விட்டேன். யோக்கியம் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

டப்பாவின் மூடியை ஒரு வட்ட ஸ்டிக்கர் போட்டு ஒட்டுவார்கள். அதில் பேக் செய்தவளின் நம்பர் இருக்கும். ஆளுக்கொரு ரோல், நாளுக்கு நானூறு டப்பா. வாரத்தில் மூன்று நாள் அந்தக் கணக்கு குறைந்தால் திட்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. அடுத்த திங்கட்கிழமை கம்பெனி வேன் அவள் நிறுத்தத்தில் நிற்காமல் போய்விடும். கையைக் காட்டிக்கொண்டு நிற்பவளை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நாங்கள் போயிருக்கிறோம்.

பதினேழாம் நம்பர் மெஹராஜக்காவுடையது. அவள் மூன்று வருஷம் கலவை ரூமில் இருந்தாள். மாவு பறக்கும் என்று அங்கே ஃபேன் கிடையாது, ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். வறுத்த மாவு சூடாக வரும்போதே எசன்ஸை ஊற்றிக் கிளற வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். கல்யாணப் பந்தி வாசனை. அந்த வாசனையோடு வீட்டுக்குப் போனால் அவள் வீட்டுக்காரர் யாகூப், “நெய்க்கடை வந்துருச்சு” என்று கிண்டல் செய்வாராம். மூன்றாம் வருஷம் இருமல் வந்தது. அப்புறம் வேன் படியில் ஏற மூன்று முறை நின்று மூச்சு வாங்கினாள். பெரியாஸ்பத்திரி டாக்டர், நுரையீரலில் காற்றுப் போகிற சின்னக் குழாயெல்லாம் எசன்ஸ் ஆவி பட்டுத் தழும்பு கட்டி அடைத்துக்கொண்டது, இனித் திறக்காது என்றார். ஆஸ்துமா என்றது கம்பெனி. இரக்கப்பட்டுப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அங்கேயும் அவளால் உட்கார முடியவில்லை. காலையில் வந்து வருகைப்பதிவு மெஷினில் கட்டைவிரலை வைப்பாள். அப்புறம் காலிச் சாக்குக் குவியலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளைத் தவிர பேக்கிங்கில் நாங்கள் இருபது பேர். ஒருநாள் நாச்சியம்மாள் பதினேழாம் நம்பர் ரோலை எடுத்துக் கிழித்தாள்; மற்றவர்கள் கையை நீட்டினோம். ஆளுக்கு இருபது ஸ்டிக்கர். தேதி மெஷினை நிறுத்திவிட்டு நானும் என் பங்கு இருபதை அடைத்து ஒட்டுவேன். இரண்டு மாதமாக அவள் கை ஒரு டப்பாவைத் தொடவில்லை. இரண்டு மாதமாக வேன் அவள் நிறுத்தத்தில் நின்றது.

அந்தப் புதன்கிழமை ஏழு மணிக்கே முதலாளியின் கார் வந்துவிட்டது. சூப்பர்வைசர் அரங்கசாமி ஓடிவந்து என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

முதலாளி சசிதர் சார் யாரையும் நீ என்று சொல்லமாட்டார். தாத்தா காலத்தில் மில் வைத்திருந்த குடும்பம். மில்லை விற்றுவிட்டார்கள், மரியாதையை விற்கவில்லை.

“உக்காருங்க அம்மணி. டீ சொல்லட்டுங்களா?”

நான் நின்றுகொண்டே இருந்தேன். மேசைமேல் ஒரு புகார்க் கடுதாசியின் நகல் இருந்தது. கூடவே ஒரு படம். எங்கள் டப்பா, வட்ட ஸ்டிக்கர், பதினேழு.

“சரவணம்பட்டியில ஒரு குழந்தைங்க. ஒண்ணே முக்கா வயசு. நம்ம மாவக் கரைச்சுக் குடுத்திருக்கறாங்க. வாந்தி, அப்புறம் ஜன்னி. அஞ்சு நாளா ஐசியூல கெடக்குது. ஈரல் கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க. பாவந்தானுங்க.” ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். “நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசருங்க வாராங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அரங்கசாமி சொன்னாரு. நாஞ் சொல்றேன், நீங்க எழுதிப்போடுங்க.”

அவர் சொன்னார், நான் எழுதினேன். மெஹராஜ் ஆகிய நான், என் டப்பாக் கணக்கைக் கூட்டிக் காட்டுவதற்காக, அழிக்க வைத்திருந்த பழைய மாவை நிர்வாகத்துக்குத் தெரியாமல் எடுத்து அடைத்தேன். இதற்கு நானே பொறுப்பு. எழுதி முடிக்கும்வரை பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

“அக்கா ஒத்துக்குவாங்களாங்க?”

“ஏன் ஒத்துக்காம? ஆக்சிஜன் மெஷின் ஒண்ணு, ஊட்டுலயே வெச்சுக்கறது, சொல்லி வெச்சிருக்கறேன். கையெழுத்துப் போட்டா சாயங்காலமே அவங்க ஊட்டுக்குப் போயிரும்.” டீயை ஊதிக் குடித்தார். “டாக்டரு அவங்களுக்கு ஒரு வருசம்னு சொல்லியிருக்கறாராமா. கேசு எப்படியும் மூணு வருசம் நடக்குமுங்க. யாருக்கும் நட்டமில்லீங்க. பதினேழாம் நம்பர் வேற ஆளா இருந்திருந்தா எனக்கும் மனசு கேக்காது.”

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

மேசையிலிருந்து வாக்குமூலத்தை எடுக்கும்போது புகார்க் கடுதாசியும் கூடவே என் கையோடு வந்துவிட்டது. வெளியே வந்துதான் பார்த்தேன். டைப் அடித்த கடுதாசி. கீழே குழந்தையின் அம்மா ஹர்ஷிணி என்று கையெழுத்து, போன் நம்பர். அதற்கும் கீழே பேனாவால் ஒரு வரி கிறுக்கலாக எழுதியிருந்தது. ‘பதினேழாம் நம்பர் யாரோ தெரியவில்லை. உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா?’

மெஹராஜக்கா சாக்குக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று சில நாளாக உட்கார்ந்தேதான் தூங்குகிறாள். நான் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினேன். மெஷினைப் பற்றியும் சொன்னேன். அவள் கையை நீட்டினாள்.

“பேனாவக் குடு கண்ணு.”

“அக்கா, நீங்க ஒரு டப்பாவும் தொடலீங்களே.”

“அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் என்ற பெரிய மகன் உக்காந்து முதுகத் தடவிக்கிட்டே இருக்கறான். பத்தாவது படிக்கறவன். அந்த மெஷின் இருந்தா அவன் தூங்குவான்.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவள் மூச்சைத் தேடினாள். “நான் எப்படியும் போறவதானே. யார் பேரு இருந்தா என்ன?”

கையெழுத்துப் போட்டுவிட்டாள். கடைசி எழுத்து காகிதத்தைவிட்டு வெளியே ஓடிவிட்டது. அப்புறம் அந்த இன்னொரு கடுதாசி என்னவென்று கேட்டாள். படிக்காமல் மடித்துவிடலாம் என்று பார்த்தேன், விடவில்லை. படித்தேன்.

அவள் பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

“ரெண்டு இருக்குதுன்னு எழுது,” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் நாச்சியம்மாள் நிற்கிறாள். அன்னூர்ப் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருந்து, போர்க் கிணறு வற்றி, பூமியை விற்றுவிட்டு வந்த குடும்பம். ஐம்பது வயசிருக்கும். அரங்கசாமியையே வாய்யா போய்யா என்பாள். இரண்டு காகிதத்தையும் என்னைப் படிக்கச் சொன்னாள். படித்ததும் பேக்கிங் ஹாலுக்கு நடந்து, பெல்ட் ஓடும் சுவிட்சை அணைத்தாள். ஹாலில் சத்தம் நின்றது. அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“சரவணம்பட்டிக்குப் போன டப்பாவுல பதினேழு ஒட்டினது நம்மள்ல ஒருத்தி. யாருன்னு நமக்கே தெரியாது. நானா இருக்கலாம், நீயா இருக்கலாம். மெஹராஜ் இல்ல. அது மட்டும் நிச்சயம்.”

எல்லோருடைய மடியிலும் அன்றைக்கான இருபது ஸ்டிக்கர் இருந்தது. கனகம் என்கிற பெண், பேச்சே இல்லாதவள், மெதுவாகக் கேட்டாள். “உண்மையச் சொன்னா மெஹராஜக்கா ரெண்டு மாசமா வேல செய்யலேங்கறதும் வெளிய வந்துருமுங்க. வேன் நிக்காது. நம்ம எல்லாத்துக்குமே நிக்காது.”

“நிக்காது,” என்றாள் நாச்சியம்மாள். “மெஷினும் வராது. அந்தப் பையனும் தூங்கமாட்டான். எல்லாம் யோசிச்சுத்தாண்டி சொல்றேன். ஆனா இந்தத் தாளு போச்சுன்னா நாளையண்ணைக்கு மறுபடி அறுக்கச் சொல்லுவான். அடுத்த குழந்தைக்கு யார் நம்பரக் குடுக்கறது?”

அப்போது வறுவல் அடுப்பைப் பார்க்கிற பொங்கியண்ணன் உள்ளே வந்தார். முழங்கை வரைக்கும் கரி. “ரிட்டன் குடோன்ல இருக்கற சாக்கு அத்தனையும் மத்தியானத்துக்குள்ள அடுப்புல போட்டு எரிக்கச் சொல்லிப்போட்டாங்க அம்மணி. எறநூத்தி முப்பது சாக்கு.”

“எரிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“அடுப்புல தண்ணி ஊத்திப்போட்டேன்,” என்றார் பொங்கியண்ணன். “ஈரம் காய சாயங்காலம் ஆகும்.”

அதற்குமேல் ஒளித்துச் செய்ய ஒன்றும் இல்லை. பெல்ட் நின்றதைக் கேட்டு முதலாளியே ஹாலுக்கு வந்துவிட்டார், பின்னால் அரங்கசாமி. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். சுத்தத்தில் அவர் கறார்.

“ஏனுங்க அம்மணி, கையெழுத்து ஆயிருச்சுங்களா?”

“ஆச்சுங்க,” என்றேன்.

“மத்தவங்க சாட்சிக்குப் போட்டுருங்க. நேரமாகுது.”

நாச்சியம்மாள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். “இது எங்ககிட்ட இருக்கட்டுங்க. நீங்க எழுதச் சொன்னதுக்கு அத்தாட்சி வேணுமில்லீங்க.”

சசிதர் சாரின் முகம் மாறவில்லை. “அதுல அவங்க கையெழுத்துத்தானுங்க இருக்குது.”

“எழுத்து என்னுதுங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “எழுத்து என்ற எழுத்துங்க சார். தேதி அடிச்சதும் நானுங்க. எந்த டப்பாவுல ரிட்டன் கலந்துச்சுன்னு தேதி தேதியா எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன். அதையும் ஆபீசருகிட்டச் சொல்லுவேன்.”

“அப்ப உள்ள போறது நீங்கதானுங்க. ஊட்டுல சின்னக் குழந்தை இருக்குதுல்லீங்க?”

“இருக்குதுங்க. அதுக்கு நல்ல டப்பாவாப் பொறுக்கி எடுத்துட்டுப் போனவ நானுங்க. அதுக்கும் சேத்து எழுதிக்குங்க.”

அவர் என்னைவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “பாருங்க. கம்பெனிய மூடுனா எனக்கு ஒண்ணுமில்லீங்க. வேற பேருல வேற எடத்துல தொறப்பேன். இந்தப் பொம்பளைங்க நாப்பது பேரும் எங்க போவீங்க? ஒரு அம்மாவுக்காக, அதும் நாளைக்கு இருப்பாங்களோ மாட்டாங்களோன்னு இருக்கறவங்களுக்காக.”

கனகம் எழுந்தாள். மடியிலிருந்த ஸ்டிக்கர் துண்டை எடுத்துக் காட்டினாள். “பதினேழு ஒட்டுனது நானுங்க.”

“நானுந்தானுங்க,” என்றாள் அடுத்தவள்.

கூச்சல் இல்லை. கடையில் சில்லறை கொடுப்பதுபோல ஒவ்வொருத்தியும் மடியிலிருந்து துண்டை எடுத்து வெளியே நீட்டினாள். இருபது கையிலும் பதினேழு இருந்தது. பெரிய எழுத்தில், அவரே அச்சடித்துக் கொடுத்தது.

“ஏமாத்தியிருக்கறீங்க என்னைய,” என்றார் சசிதர் சார். நிஜமாகவே மனசு புண்பட்டவர்போல இருந்தார். “இத்தனை நாளா. சோறு போட்ட கைய.”

“நீங்க போட்ட சோத்த அந்தக் குழந்தை தின்னுச்சுங்க,” என்றாள் நாச்சியம்மாள்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டார். அரங்கசாமியிடம் திரும்பி, முதல் முறையாக மரியாதை இல்லாமல், “குடோனத் தொறடா, லாரியக் கூப்பிடு, எங்கியாவது கொண்டுபோய்க் கொட்டு,” என்றார்.

அரங்கசாமி நகர்வதற்குள் நாங்கள் நகர்ந்தோம். குடோன் ஹாலை ஒட்டித்தான். ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வரிசையாக அதன் முன்னால் உட்கார்ந்தோம். அரங்கசாமி நாச்சியம்மாளின் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் விழுந்தாள், முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. எழுந்து அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்தாள். பொங்கியண்ணன் மாவு கிளறும் கரித் துடுப்போடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அரங்கசாமிக்கு அதற்குமேல் கை நீளவில்லை. முதலாளி, போலீசுக்குச் சொல்கிறேன் என்று காருக்குப் போனார். குடிதண்ணீர்க் குழாயை அடைத்து ஃபேனையும் அணைத்துவிடும்படி அரங்கசாமியிடம் சொன்னதும் அவர்தான். தகரக் கூரைக்குக் கீழே நடுப்பகல். மாவு வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் பிசுபிசுத்தது.

மெஹராஜக்கா சாக்குக் குவியலிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். இருபதடி தூரத்துக்கு அஞ்சு தடவை நின்றாள். எங்கள்மேல் கோபமாக இருப்பாள் என்று பயந்தேன். இருந்தாள்.

“என்ற மகன் தூக்கத்தக் கெடுத்துப்போட்டீங்க,” என்றாள்.

யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாச்சியம்மாள் மட்டும், “ஆமா,” என்றாள். “ராத்திரிக்கு முறை போட்டு நாங்க வாரோம். முதுகத் தடவத் தெரியும் எங்களுக்கு.”

மெஹராஜக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். கையிலிருந்த தன் பதினேழாம் நம்பர் ரோலைப் பிரித்தாள். “பின்னால ஒரு கதவு இருக்குதே, அது வழியா எடுத்துட்டுப் போயிட்டா?”

அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் இரண்டு பேராகப் போய்ப் பின்கதவின் இடுக்கு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒவ்வொரு ஸ்டிக்கரும் பாதி கதவில், பாதி நிலையில். யார் திறந்தாலும் கிழியும், கிழிந்தால் நாளைக்கு ஆபீசர் கண்ணுக்குத் தெரியும். முன் ஷட்டரின் அடியிலும் அதேபோல ஒட்டினோம். மடியிலிருந்ததெல்லாம் தீர்ந்ததும் மெஹராஜக்காவின் ரோலைக் கிழித்தோம். கடைசியாக ஒன்றை அவளே குனிந்து ஒட்டினாள். இரண்டு மாதத்தில் அவள் தன் கையால் ஒட்டிய ஒரே பதினேழு அதுதான். நிமிர்ந்தபோது உதடு நீலமாகிவிட்டது. கனகம் அவளைத் தன்மேல் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டாள்.

எங்கள் போனையெல்லாம் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். பொங்கியண்ணன் மட்டும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். புகார்க் கடுதாசியை விரித்து அந்த நம்பரை அழுத்தினேன். வெகுநேரம் அடித்தது. எடுத்தவளின் குரல் தூங்காத குரல். பின்னால் ஏதோ மெஷின் விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“யாருங்க?”

சொல்ல வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

“பதினேழாம் நம்பருங்க,” என்றேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

“நாங்க இருவத்தோரு பேரு இருக்கறோமுங்க. எங்களுக்குப் புள்ளைங்க இருக்குதுங்க. நீங்க கேட்டிருந்தீங்க.” கடுதாசியின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “தப்பு எங்க கைலயும் இருக்குதுங்க. அத நாங்க இல்லேன்னு சொல்லல. அந்த மாவெல்லாம் இங்கயே சாக்குல இருக்குது. எடுக்கவிடாம முன்னால உக்காந்திருக்கறோம். நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசருங்க வாராங்க. நீங்களும் வந்தீங்கன்னா நல்லாருக்கும்.”

கம்பெனி வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போலீசா லாரியா தெரியவில்லை. நாச்சியம்மாள் ரத்தம் வழிந்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, எல்லோரையும் இன்னும் நெருக்கி உட்காரச் சொன்னாள்.

“எத்தன மணி நேரம் உங்களால உக்கார முடியும்?” என்று கேட்டாள் ஹர்ஷிணி.

“வேன் எங்களுக்கு இனி எங்கயும் நிக்காதுங்க,” என்றேன். “எந்திரிச்சுப் போகறதுக்கு அவசரம் ஒண்ணுமில்லீங்க.”

“குழந்தைய எங்கம்மாகிட்ட விட்டுட்டு இப்பவே கெளம்பறேன். எந்த வழியா வரணும், சொல்லுங்க.”

பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒவ்வொரு திருப்பமாக நான் வழி சொல்ல ஆரம்பித்தேன்.